அத்தானின் காதுகள்

காதைச் சோதித்து நல்லதென்று முடிவு வந்தால் வீட்டில் சந்தோஷம் வரவேண்டும். எங்கள் வீட்டில் வரவில்லை. எத்தனையோ தரம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். என் பக்கத்தில் பிழையில்லை.

எங்கள் பகுதியில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரோடு மாமியார் முகம் பார்த்துக் கதைப்பது வழக்கமில்லை. சொல்லவேண்டியதை அம்மா சுவருக்கோ கோழிக்கோ எனக்கோ சொல்லுவாள். அக்காவைக் கட்டி எங்கள் ஊர் தன்னாமுனைக்கு வந்த முதல் வருஷம் முழுவதும் அத்தான் அதற்கெல்லாம் ஒருமுறைகூடத் தலை திருப்பவில்லை. செவிட்டு மாப்பிள்ளையை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அம்மா முடிவுகட்டினாள்.

அதன்பிறகு அவள் குரலை அடக்கவேயில்லை. அத்தான் சாப்பிடும்போது நாலடி தள்ளி நின்று, "தின்னுறத்துக்கு ரெண்டு வாய், வயல் வட்டையில இறங்கினா அரைக் கை" என்பாள். அவருடைய தாய் தகப்பனையும் விட்டுவைக்கவில்லை. அத்தான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருப்பார்.

அவரைத் திருப்பி அனுப்புவதென்று பேச்சு வந்தது. அக்கா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. தான் சொல்வது அவருக்கு நன்றாகக் கேட்கிறதென்று அழுதாள். பெண்டாட்டி பக்கத்தில் நின்று கத்தினால் யாருக்குத்தான் கேட்காது என்றாள் அம்மா. சோதித்துப் பார்த்துவிட்டுப் பேசு என்று அப்பா அத்தானை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்குத்தர் சொல்வதைப் பிழையில்லாமல் வந்து ஒப்புவிக்க, வகுப்பில் முதலாம் பிள்ளையான நானும் போனேன்.

என்ன வருத்தம் என்று டாக்குத்தர் கேட்டார்.

"எனக்கு ஒண்டுமில்ல. மாமி அனுப்பினவ."

டாக்குத்தர் பின்னால் தள்ளி நின்று எண்களைக் குசுகுசுத்தார்; அத்தான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். இரண்டு கவருள்ள உருக்கு இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தபோது அதன் ஒலி இரு பக்கமும் சமமாகக் கேட்டது. காதுக்குப் பின் எலும்பில் வைத்து, அங்கே ஒலி ஓய்ந்ததும் காதுக்கு நேரே பிடித்தபோது மறுபடி கேட்டது. எலும்பு வழியாகக் கேட்பதைவிடக் காற்று வழியாகக் கூடுதல் நேரம் கேட்டால் காது நல்லது, இது பிறந்ததிலிருந்தே நல்ல காது என்று டாக்குத்தர் எனக்கு விளங்கப்படுத்தினார்.

திரும்பி வரும்போது அத்தான் ஒரு மர நிழலில் என்னை நிறுத்தினார். பிறகு, "மனே, ஒரு காது கொஞ்சம் மந்தமாம் எண்டு சொல்லுவமா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லி நானே அவரைத் துரத்துவதா? முடியாது என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து நடந்ததை ஒன்றும் விடாமல் ஒப்புவித்தேன். அத்தான் கிணற்றடியில் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா என்னை அருகில் இழுத்தாள்.

"மெல்லமாக் கதைச்சாலும் கேக்குமாமோ?"

"ஓம். குசுகுசுத்தாலும் கேக்கும். பிறந்ததிலயிருந்தே நல்ல காதாம்."

அம்மா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். அப்பா வெளியே இறங்கிப் போனார். என் விளக்கம்தான் போதவில்லை என்று நினைத்து, நெற்றியில் கவை வைத்ததிலிருந்து இன்னும் உரத்த குரலில் நான் மறுபடி தொடங்கினேன்.