முத்தாயிக்குப் பந்து பிடித்தவள்

1984ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை ஏற்காட்டில் பன்னிரண்டு பெண்கள் பந்து விளையாடுவதற்காகச் சம்பளம் வாங்கினார்கள். இப்போது சொன்னால் ஊர் நடுவே ஒண்டிக்கடை முக்கில் பாதிப்பேர் நம்புவதில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் முதலில் பெயர் கொடுத்தவள் ஆரோக்கியசெல்வி.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா மரியஅந்தோணி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். செல்வி பத்தாவது முடித்துவிட்டு, காபிப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜருக்குக் கலாவதியோடு கல்யாணமானது அந்தச் சமயத்தில்தான். கலாவதி அதற்கு முன் சேலத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். மலைக்கு வந்த ஆறாவது மாதமே அவருக்குச் சும்மா இருப்பது பிடிக்காமல் போயிற்று. தான் ஆடிய சாஃப்ட்பாலை எஸ்டேட் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்று கிளம்பினார். சென்னையில் இருந்த முதலாளிக்கோ எஸ்டேட்டின் பெயர் பேப்பரில் வந்தால் சரி. அறுவடை ஓயும் பிப்ரவரியிலிருந்து குழுவில் இருப்பவர்களுக்குக் காலையில் மட்டும் வேலை, மதியம் முழுக்க ஆட்டம், முழுக் கூலி என்று உத்தரவு வந்தது.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஆடுவார்களே, ஏறக்குறைய அதே ஆட்டம்தான். பந்து கொஞ்சம் பெரிது. பந்தைத் தலைக்கு மேலிருந்து எறியாமல், கையை இடுப்புக்குக் கீழிருந்து சுழற்றிப் போடவேண்டும். போடுகிறவள் பிட்சர். மட்டைக்காரிக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடிக்கிறவள் கேட்சர். பந்தை அடித்தவள் மூன்று மூலைகளில் உள்ள பேஸ்களைத் தொட்டு ஓடி, கேட்சர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். களத்தில் நிற்கிற மற்ற எட்டுப் பேரும் பார்ப்பது கேட்சரை. மைதானம் முழுவதையும் பார்ப்பது கேட்சர் ஒருத்திதான் என்று கலாவதி சொன்னதும், செல்வி அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முத்தாயியைக் கண்டெடுத்தவளும் செல்விதான். முத்தாயி கரடியூர்க்காரி. சொந்தமாகக் கொஞ்சம் சாமையும் நாலு பலாமரமும் உள்ள குடும்பம். அறுவடைக் காலத்தில் அம்மாவோடு பழம் பறிக்க எஸ்டேட்டுக்கு வருவாள். கடைசிப் பழங்களைப் பறித்துக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் பயிற்சியின்போது பந்து ஒன்று உருண்டு பாதைக்குப் போய்விட்டது. கூடையோடு போய்க்கொண்டிருந்த முத்தாயி அதை எடுத்துத் திருப்பிப் போட்டாள். பந்து செல்வியின் கையுறைக்குள் வந்து விழுந்த வேகத்தில் உள்ளங்கை எரிந்தது. செல்வி நேரே கலாவதியிடம் போய், அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்றாள்.

பின்னால் பல வருஷம் இந்த ஒரு வாக்கியத்தை நினைத்து நினைத்து அவள் வெந்துபோனாள்.

முத்தாயிக்குக் கை உண்டு, கணக்குத் தெரியாது. எந்த மட்டைக்காரிக்கு எந்தப் பந்து ஆகாது என்று யோசிப்பது செல்வியின் வேலை. தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவாள். ஒரு விரல் என்றால் நெஞ்சு உயரத்துக்கு வேகமாக. இரண்டு என்றால் வேகத்தைக் குறைத்து. மூன்று என்றால் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற பந்து. காட்டியதை முத்தாயி அப்படியே போடுவாள். ஒரு தடவைகூடத் தலையை ஆட்டி மறுத்ததில்லை.

சேலத்தில் முதல் ஆட்டம். எதிரே ஒரு கல்லூரி அணி. பள்ளிக்கூடமே அதிகம் பார்க்காத தோட்டத்துப் பெண்கள் பாவாடைக்குப் பதில் கால்சட்டை போட்டு வந்ததைப் பார்க்கவே கூட்டம். முத்தாயி ஒன்பது பேரை மட்டையில் பந்தே படாமல் வெளியே அனுப்பினாள். ஒன்பதும் செல்வி யோசித்த பந்துகள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் முத்தாயியைச் சூழ்ந்துகொண்டது. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. முத்தாயி கையைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறாள். படத்தின் ஓரத்தில் ஒரு முகமூடியும் ஒரு முழங்காலும். அந்த முழங்கால் செல்வியுடையது.

மரியஅந்தோணி அந்தப் படத்தைக் கத்தரித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார். முத்தாயி எவ்வளவு நன்றாக வந்திருக்கிறாள் பார் என்று மகளிடமே காட்டினார். செல்வி சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. பஸ்ஸில் முத்தாயிக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்தார்கள். கடைக்காரர் நூர் முகமது மற்றவர்களுக்கு ஒரு வர்க்கி பிஸ்கட், முத்தாயிக்கு இரண்டு கொடுத்தார். கலாவதி பேசும்போது 'நம்ம முத்தாயி' என்றார். செல்வியைச் 'செல்வி' என்று மட்டும்தான் சொன்னார். முத்தாயி மட்டும் எப்போதும்போல அக்கா, அக்கா என்று பின்னாலேயே வந்தாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் செல்வி எழுந்து, தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, தானே பந்து போட்டுப் பழகிப் பார்த்தாள். பதினெட்டு நாள் பழகினாள். பந்து ஒன்று மரத்துக்கு இந்தப் பக்கம் போகும், இல்லையென்றால் அந்தப் பக்கம். வட்டத்தில் பட்டதெல்லாம் தானாகப் பட்டவை. பத்தொன்பதாம் நாள் தூங்கிவிட்டாள்.

மார்ச்சில் ஈரோட்டில் போட்டிகள். தங்கள் ஆட்டம் முடிந்தபின் மற்றவர்கள் ஐஸ் வாங்கப் போனார்கள். செல்வி மட்டும் உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தைப் பார்த்தாள். கோயம்புத்தூர் ஆலை அணி ஆடியது. அதில் நாலாவதாக மட்டை பிடித்த ஓர் உயரமான பெண், கீழே இறங்குகிற பந்தை எல்லாம் வாரி அடித்தாள். நெஞ்சு உயரப் பந்துக்கு மூன்று தடவை மட்டையைக் காற்றில் வீசினாள். செல்வி அதை மனதில் குறித்துக்கொண்டாள். முத்தாயியும் ஐஸைச் சப்பிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

ஏப்ரலில் திண்டுக்கல். கடைசி இன்னிங்ஸில் எதிரணிப் பெண் ஒருத்தி மூன்றாம் பேஸிலிருந்து செல்வியை நோக்கி ஓடிவந்தாள். அவள் வந்து சேர்ந்தால் ஆட்டம் போயிற்று. தூரத்திலிருந்து வந்த பந்தைப் பிடித்து, வழியை மறித்து, அவள் மேல் பந்தைத் தொட்டுவிட்டுத்தான் செல்வி விழுந்தாள். வலது மோதிர விரல் முறிந்தது. பந்து கையைவிட்டுப் போகவில்லை. அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது அந்த விரல்தான். ஆனால் சிறந்த ஆட்டக்காரிக்கான கோப்பையை முத்தாயிக்குக் கொடுத்து, பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"நான் ஒன்னுமில்லீங்க. அக்கா வெரலக் காட்டும், நான் போடுவேன். அவ்வளவுதானுங்க," என்றாள் முத்தாயி.

கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலும் முத்தாயிக்குத்தான். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பின்னால் ஒருவர் சொன்னது செல்வி காதில் விழுந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இவள் என்னைப் பற்றிப் பேசினால்கூட அது இவளுக்கே போய்ச் சேருகிறதே என்று நினைத்தாள்.

மே மாதம் கோடை விழாவில், ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் இறுதி ஆட்டம். செல்வியின் விரலில் கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதிரே அதே கோயம்புத்தூர் ஆலை அணி. சொந்த ஊர் என்பதால் கரடியூரிலிருந்து முத்தாயியின் சனமே வந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்திருப்பதாகக் கலாவதி காலையிலேயே சொல்லியிருந்தார். பாதி ஆட்டத்தில் அவர்கள் கலாவதியிடம் வந்து விசாரித்தது பிட்சரைப் பற்றி மட்டும். செல்வி முகமூடியைக் கழற்றித் தண்ணீர் குடித்துக்கொண்டே அதைக் கேட்டாள்.

கடைசி இன்னிங்ஸ். எஸ்டேட் அணி இரண்டு ரன், ஆலை அணி ஒன்று. ஆலை அணியில் இரண்டு பேர் அவுட். இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். மட்டைக்கு வந்தவள் அந்த உயரமான பெண். இன்னும் ஒருத்தி அவுட் ஆனால் கோப்பை இவர்களுக்கு.

என்ன காட்டவேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு விரல். நெஞ்சு உயரத்துக்கு வேகமாக.

கரடியூர்ச் சனம் முத்தாயி, முத்தாயி என்று கத்திக்கொண்டிருந்தது. செல்வி மூன்று விரலைக் காட்டினாள்.

முத்தாயி உடனே போடவில்லை. ஒரு கணம் நின்றாள். செல்வி மறுபடியும் மூன்றைக் காட்டினாள். முத்தாயி கையைச் சுழற்றினாள். பந்து மட்டையில் பட்ட சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. அது வேலியைத் தாண்டி மரங்களுக்குள் போய் விழுந்தது. மூன்று பேர் ஓடிவந்து சேர்ந்தார்கள்.

அன்று செல்விக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். கொஞ்ச நேரம், அந்த உயரமான பெண் ஓடிவருகிற நேரம் மட்டும். கூட்டம் சட்டென்று வாயடைத்துப் போனதைக் கேட்க நன்றாக இருந்தது. அப்புறம் மற்ற பத்துப் பேரின் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் பேஸில் நின்ற அமலி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

கலாவதி ஓடிவந்து, ஏன் கீழே போட்டாய் என்று முத்தாயியைக் கேட்டார்.

"கை வழுக்கிருச்சுங்க டீச்சர்," என்றாள் முத்தாயி. செல்வியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தோற்றாலும் சென்னைக்காரர்கள் முத்தாயியை எடுத்துக்கொண்டார்கள். ஜூனில் அவளை வழியனுப்ப எஸ்டேட்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது, செல்வி காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அடுத்த வருஷம் குழு இல்லை. கோப்பை வந்திருந்தால் முதலாளி தொடர்ந்து நடத்தியிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். அவருக்கு எப்படியும் அலுத்துப்போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். செல்வி இரண்டாவது பேச்சையே நம்ப விரும்பினாள். கலாவதியின் கணவருக்குச் சிக்மகளூரில் வேறு வேலை கிடைத்தது. அமலியும் மற்றவர்களும் முழுநேரமும் கூடை தூக்கினார்கள். செல்வி ஒரு ஜீப் டிரைவரைக் கட்டிக்கொண்டு, ஒரு பெண்ணைப் பெற்று, பழையபடி எஸ்டேட் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். பேப்பரில் முத்தாயி பெயர் வருகிறதா என்று தினமும் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாள். வந்திருந்தால் அன்று முழுக்க யாரோடும் சரியாகப் பேசமாட்டாள்.

1989 பொங்கலுக்கு ஊருக்கு வந்த முத்தாயி, செல்வி வீட்டுக்கு வந்தாள். கைக்கடிகாரம், வெட்டிய முடி. மற்றபடி அதே முத்தாயி. நாற்காலியில் உட்காராமல் அடுப்படி நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். செல்வி காபியைக் கொடுத்துவிட்டு, ஐந்து வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டாள்.

"கடைசியா மூணு காட்டுனேனே. அது தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கக்கா. ஈரோட்டுல அவ அந்தப் பந்தத்தான அடிச்சா. நானும் பாத்துட்டுத்தானுங்க நின்னேன்."

"அப்பறம் எதுக்குப் போட்ட?"

முத்தாயி தம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதது எதாச்சும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். கையச் சுத்த ஆரம்பிச்சப்பறம்தான் உங்க கண்ணப் பாத்தேன். அதுக்கு மேல நிறுத்த முடியாதுங்களே."

"வேணும்னுதான் காட்டுனேன்."

"தெரியுமுங்க."

வெளியே மகள் அழ, செல்வி போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். முத்தாயி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சென்னைக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தாள். மன்னிப்பு என்ற பேச்சு வரவில்லை. அதற்கு இனி அவசியமும் இல்லை என்று செல்விக்குப் பட்டது. மனசு லேசானது மாதிரிகூட இருந்தது. அந்தத் தைரியத்தில்தான், அங்கே உனக்கு யார் பந்து பிடிக்கிறார்கள் என்று சும்மா கேட்டுவைத்தாள்.

சாந்தாமேரி என்று தூத்துக்குடிப் பெண் ஒருத்தி என்றாள் முத்தாயி.

"நல்லாப் புடிப்பாளா?"

"நொம்ப நல்லாப் புடிப்பாங்க. கால் வேகம். உக்காந்த இடத்துலருந்தே ரெண்டாம் பேஸுக்கு நேரா எறிவா."

"என்ன விடவா?"

முத்தாயிக்குப் பொய் சொல்ல வராது. யோசித்தாள். "வேற மாதிரிங்கக்கா," என்றாள்.

ஐந்து வருஷமாக முத்தாயி மேல் இருந்த பொறாமை, அன்று அடுப்படியில், முகம் தெரியாத ஒருத்தி மேல் போய் உட்கார்ந்தது. முத்தாயி போனபிறகு செல்வி பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே, தூத்துக்குடிக்காரிக்கு இவளுடைய பந்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தாள். கை ஈரமானால் முத்தாயியின் பந்து இடதுபக்கம் போகும் என்று அவளுக்குத் தெரியுமா? பசி வந்தால் அவசரப்படுவாள் என்று தெரியுமா?

அடுத்த வருஷம் சேலத்தில் மாநிலப் போட்டி. செல்வி குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். நிழல் பந்தலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கத்து வேலிக்குப் போனாள். பிட்சருக்கு வெகுதூரம் பின்னால், வெயிலில், யாருமே நிற்காத இடம். கேட்சரின் விரல்கள் அங்கிருந்துதான் தெரியும்.

சாந்தாமேரி நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். விரல் முத்தாயிக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்பதற்காக. அந்த யோசனை தனக்குத் தோன்றவில்லையே என்று செல்வி பல்லைக் கடித்தாள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் தானும் வேலிக்குள் விரலை வைத்துப் பார்த்தாள். நாலு இன்னிங்ஸ் வரை இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் காட்டினார்கள். ஐந்தாவதில் செல்வி ஒன்று வைத்தாள். சாந்தாமேரி மூன்று காட்டினாள். மட்டைக்காரி காற்றில் வீசிவிட்டு வெளியே போனாள். சாந்தாமேரி காட்டியதுதான் சரி.

ஆட்டம் முடிந்ததும் முத்தாயி அவளைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாந்தாமேரி முன்னால் நிறுத்தினாள். சாந்தாமேரி முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுச் சிரித்தாள். செல்வியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"அஞ்சாவதுல நீங்க ஒன்னு காட்டியிருக்கணும்," என்றாள்.

"அதான் அவுட் ஆயிட்டாள்ல அக்கா," என்றாள் சாந்தாமேரி.

சாப்பிட்டுப் போகச் சொல்லி முத்தாயி எவ்வளவோ கேட்டாள். பிள்ளை அழும் என்று செல்வி கிளம்பிவிட்டாள். ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டும்வரை அந்தச் சிவப்பு நகங்கள்தான் கண்ணில் நின்றன. பஸ் அடிவாரத்தை எட்டி முதல் வளைவில் ஏறும்போதுதான், முத்தாயி இன்று எப்படிப் போட்டாள் என்பதைத் தான் பார்க்கவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.