உட்சுவரில் வைத்த பொட்டு

அடையாறில் இருந்த அந்த ஆராய்ச்சிக்கூடத்தைப் பதினான்கு வருடமாகத் துடைத்தவர் அம்மாசி. கோட்டூர்புரத்து ஆற்றோரத்திலிருந்து அவர் குடும்பத்தை அரசாங்கம் பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குத் தூக்கிப் போட்ட பிறகும், இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்கு முன்னால் வந்து நிற்பார். திசு வளர்க்கும் தட்டுகளைக் கழுவுவது, கிருமி சாக வேகவைப்பது, கெட்டுப்போனதைக் கொட்டுவது எல்லாம் அவர் வேலை. "இன்னாம்மா, வெறுங்கையோட தொட்ற?" என்று டாக்டர் பட்டம் வாங்கியவர்களையே அதட்டிய மனுஷன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பாவம், தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் அவருக்காக வக்காலத்து வாங்கக் கூடாது.

அங்கே நடந்தது மூளைக்கட்டி ஆராய்ச்சி. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைக் கூழில் கலந்து, ஒரு இயந்திரம் ஊசிமுனையால் அச்சடிக்கும். பருப்பளவு திசு கிடைக்கும். உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டியில் அதை வளர்த்து, மருந்தை ஊற்றி, எதற்குக் கட்டி சாகிறது என்று பார்ப்பார்கள். அம்மாசிக்கு அதெல்லாம் யார் வீட்டுக் கட்டியோ. ஆடி மாதம் அவருடைய ஒரே மகள் அன்புச்செல்வி கல்லூரி போகிற பஸ்ஸில் வலிப்பு வந்து விழுந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது.

தலையைத் திறந்து எடுத்தும் கட்டியின் வேர் மிஞ்சிவிட்டது. டாக்டரிடம் மூன்று மருந்துகள் இருந்தன. எது கேட்கும் என்று அவருக்கும் தெரியாது. தப்பான மருந்தில் மூன்று மாதம் ஓடினால் பெண் மிஞ்சமாட்டாள். மயிலாப்பூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி நீரஜா, கூடத்தின் தலைவி ஸ்ரீரஞ்சனியிடம் மன்றாடி அனுமதி வாங்கினாள். அறுத்தெடுத்த துணுக்கு முழுவதையும் போட்டு இருபத்துநான்கு திசு அச்சடித்தாள்.

"பன்னெண்டே நாள் அண்ணா. எந்த மருந்து கேக்கறதுன்னு தெரிஞ்சுடும்."

ஆறாம் நாள் ஆயுத பூஜை. இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வருடா வருடம் அம்மாசிதான். பெட்டியின் வெளிக்கதவில் மட்டும் வைக்கச் சொல்லியிருந்தாள் நீரஜா, அப்படியே வைத்தார். எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகு திரும்பி வந்தார். வெளியில் வைத்த பொட்டு பெட்டிக்கு. பெண் உள்ளேயல்லவா இருக்கிறாள்? கதவைத் திறந்தார். வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் அடித்தது. வலது கையுறையைக் கழற்றினார், கையுறை போட்டுக்கொண்டு வைத்தால் அது பொட்டா என்று. உள்ளே தட்டுகள் மறைக்கும் பின்சுவரில் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்து, வடபழனி முருகனைக் கூப்பிட்டுவிட்டுச் சாத்தினார்.

ஒன்பதாம் நாள் இருபத்துநான்கிலும் வெள்ளையாகப் பூஞ்சை.

ஸ்ரீரஞ்சனி எல்லோர் முன்னாலும் நீரஜாவைக் கேட்டார். "தட்டைத் தொட்டது நீ ஒருத்திதானே?"

"ஆமா மேடம்."

"அப்போ உன் கை சுத்தமில்ல. இனிமே இந்த ரூமுக்குள்ள வராதே."

மறுபடி அச்சடிக்க ஒரு செல்கூட மிச்சமில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னது யாரிடம்? அம்மாசியிடம்தான். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பின்சுவரில் அவர் வைத்த பொட்டு இருந்தது. சந்தனத்தைச் சுற்றிப் பஞ்சாக முளைத்திருந்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முதலில் அதைத்தான் துடைத்தார். ஸ்பிரிட் போட்டு இன்னொரு தடவை துடைத்தார். அப்புறம் மகளின் இருபத்துநான்கு துணுக்குகளையும் வேகவைத்துக் கொட்டினார்.

வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம்கூட அவருக்கு இல்லை. சொன்னால் அது அன்புச்செல்வியின் காதுக்குப் போகும். அதை மட்டும் அந்த மனுஷனால் தாங்க முடியாது. அதற்கு ஊரான் வீட்டுப் பெண்ணின் படிப்பு பலி.

டாக்டர் மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொடங்கினார். அது கேட்கவில்லை. தை பிறந்தபோது அன்புச்செல்விக்கு வலது கை விழுந்து நாக்கும் குழறியது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நீரஜா பெரும்பாக்கத்துக்கு வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை, ஆறு மாடி ஏறி, மூச்சிரைக்க வாசலிலேயே நின்றாள்.

"என்னாலதான் அண்ணா இப்படி ஆயிடுத்து. எங்க தப்பு பண்ணேன்னு தினம் யோசிச்சுண்டே இருக்கேன். மன்னிச்சுடுங்கோ."

அம்மாசி நிமிர்ந்து பார்க்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். கட்டிலில் அன்புச்செல்வி விழித்திருந்தாள்.

"உடும்மா," என்றார். "தெரிஞ்சா செஞ்ச?"

நீரஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்புச்செல்வி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நைனா," என்றாள் குழறலாக. "அந்தக்காவப் போவ சொல்லு."

அம்மாசி நீரஜாவைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மகளின் தலையணையைச் சரிசெய்தார்.