ஜாசினில் எடுத்த ஒட்டுப்பால், அலோர் காஜாவில் உரிக்கப்பட்ட படம்

அலோர் காஜா ஓவியக் கண்காட்சியில் என் படத்தை நானே கிழித்தேன் என்று வாட்ஸ்அப் குழுக்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பரிசு கிடைக்காத ஆத்திரமாம். இரண்டும் பொய். பரிசு கொடுத்தார்கள், நான் வாங்கவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன், கிழிக்கவில்லை. அது காகிதமும் அல்ல, அரை அங்குலப் பலகை. எழுபத்தாறு வயதில் அரை அங்குலப் பலகையைக் கிழிக்க முடிந்தால் நான் சர்க்கஸில் சேர்ந்திருப்பேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படம் செய்வதற்காகத் தோட்டங்களுக்குப் போய்ப் பொருள் சேகரிக்க நினைப்பவர்களுக்கு வழியும் செலவும் பயன்படும். மற்றவர்களுக்கு உண்மை பயன்படட்டும்.

என் கணவர் ஜாசினுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பதினோரு வருடம் டிரெசராக இருந்தார். டிரெசர் என்றால் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவர். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் இவர்தான். மருந்தகத்துக்கு நேர் எதிரே எங்கள் வீடு. காலை வெயிலுக்காக மருந்தக வராந்தாவில் ஒரு மூங்கில் தட்டியைத் தொங்கவிட்டிருப்பார்கள். அது முழங்கால் வரை இறங்கும். அதற்குக் கீழே கால்கள் மட்டும் தெரியும்: சேறு காய்ந்த கால்கள், கட்டுப் போட்ட கால்கள், தாயின் காலோடு ஒட்டிக்கொண்ட பிள்ளைக் கால்கள். வரிசையின் முனையில் வெள்ளைக் கால்சட்டையில் என் கணவரின் கால்கள். என் சமையலறை ஜன்னலில் எனக்கு வாய்த்த காட்சி அவ்வளவுதான்.

அந்தக் காட்சியைப் படமாக்க வேண்டும் என்று அவர் இறந்த பிறகு தோன்றியது. வர்ணத்தில் இருமுறை முயன்றேன். துணிக்கடைப் பொம்மையின் கால்களாக வந்தன. அப்போதுதான் ஒட்டுப்பால் நினைவுக்கு வந்தது. ரப்பர் மரத்தைச் சீவிப் பால் இறங்கி முடிந்ததும், வெட்டிய தடத்தில் மெல்லிய நாடாவாக ஒரு பால் உறைந்து நிற்கும். அடுத்த முறை சீவும் முன் அதை உரித்துக் கூடையில் போடுவார்கள். அதுதான் ஒட்டுப்பால். முதலில் தேன் நிறம், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் தோலைப் போல ஊடுருவித் தெரியும். எந்தக் கடையின் வர்ணக் குழாயிலும் அந்த நிறம் கிடையாது.

இவ்வாண்டு பிப்ரவரியில், மழை இல்லாத ஒரு சனிக்கிழமை, நான் இப்போது இருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினேன். வாடகைக் கார், அரை நாளுக்கு நூற்று முப்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். ஓட்டுநர் காதர் எனக்கு நெடுநாள் பழக்கம். கேட்காமலே பேசுவார், அது ஒன்றுதான் குறை. ஜாசின் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். சந்தைக்குப் பக்கத்தில் ரொட்டி சானாயும் தேநீரும் சாப்பிட்டோம். இருவருக்கும் பதினோரு வெள்ளி. ரொட்டி முறுகலாக இல்லை. சொன்னேன், மாற்றிக் கொடுத்தார்கள்.

ஜாசினிலிருந்து இன்னும் பதினான்கு கிலோமீட்டர், கடைசி மூன்று செம்மண் சாலை. இருபுறமும் இப்போது எண்ணெய்க்குப் போடும் செம்பனை. ரப்பர் மரங்கள் பழைய மருந்தகத்துக்குப் பின்னால் நான்கு வரிசை மட்டும், வெட்டப்படும் நாளை எதிர்பார்த்து நின்றன. அதுவரைக்கும் அவற்றைச் சீவிக்கொள்ள லட்சுமி என்பவருக்கு அனுமதி இருந்தது. என்னைவிட நாலைந்து வயது இளையவர். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“டிரெசரு வூட்டம்மாதானே?”

“ஆமாம். ஒட்டுப்பால் வேண்டும்.”

“ஒட்டுப்பாலா? அப்ப எல்லாம் நாங்க கூடையோட வந்தா டப்பு டப்புன்னு ஜன்னல சாத்துவீங்க. இப்ப காடி வச்சிக்கிட்டு தேடி வர்றீங்க!”

காதர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஜன்னலைச் சாத்தியது உண்மை. நாற்றம் நாற்றந்தான், ஒரு படத்துக்குத் தேவைப்படுகிறது என்பதால் அது மல்லிகை ஆகிவிடாது.

“என்னாத்துக்கும்மா இது?” என்றார் லட்சுமி.

“படம் செய்ய. நீங்கள் எல்லாரும் வராந்தாவில் நிற்கிற படம்.”

“எங்க மூஞ்சியெல்லாமா?”

“கால் மட்டும்.”

“அதான பார்த்தேன். நீங்க அத மட்டுந்தான் பார்த்திருப்பீங்க,” என்று சொல்லிவிட்டு, ஒரு சிறிய சாக்கு நிறைய எடுத்துக் கட்டிக் கொடுத்தார். இருபது வெள்ளி. மருந்தகத்துக்கு இப்போது கூரை இல்லை. வரிசை நின்ற இடத்தில் குனிந்து ஒரு பால்மாவு டின் நிறையச் செம்மண் எடுத்துக்கொண்டேன். அது இலவசம்.

திரும்பும் வழியில் காதர் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். “ஆண்ட்டி, செத்த எலி நாத்தம் தோத்துப் போச்சு லா! நாளைக்கு ஏர்ப்போர்ட் சவாரி இருக்கு. என் காடியில ஏறுனா அந்த ஆளு பிளேன வேணாம்னுட்டு நடந்தே போயிருவான்.” கார் கழுவப் பதினைந்து வெள்ளி தனியாகக் கொடுத்தேன்.

இனி வேலை. ஒட்டுப்பாலைப் பல தண்ணீரில் அலசி, நிழலில் கொடி கட்டி உலர்த்தினேன். பக்கத்து வீட்டார் புகார் சொன்னார்கள். காற்றின் திசையைக் காட்டினேன். காய்ந்த நாடாக்களை நிறவாரியாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கப் பவுடர் தூவி வைத்தேன். செம்மண்ணைப் பழைய வேட்டித் துணியில் சலித்து, அக்ரிலிக் பசையில் குழைத்துப் பலகையின் அடித்தளமாகப் பூசினேன். அது காய்ந்ததும் மூங்கில் தட்டியை மேலே வரைந்தேன், குச்சி குச்சியாக. தட்டிக்குக் கீழே ஓர் அடி உயரம்தான் மிச்சம். படம் முழுவதும் அந்த ஓர் அடிக்குள்.

முதல் பலகை வீணானது. நிழல் தெரிய ஓரங்களில் எண்ணெய் வர்ணம் தீட்டினேன். இரண்டு வாரத்தில் ரப்பர் இளகி, வெயிலில் வைத்த மிட்டாய் போலக் கையில் ஒட்டியது. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. செம்பும் ஆகாது, பித்தளை ஆணிகூட அடிக்கக் கூடாது. செய்ய நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் பலகையில் அக்ரிலிக் மட்டும். ஒட்டுவதற்குப் புதிய ரப்பர் பால். ஒரு காலுக்கு ஏழெட்டு நாடா: கெண்டைக்கால் திரட்சிக்குத் தேன் நிறம், எலும்பு முனையில் பழுப்பு, குதிகால் வெடிப்புக்குக் கறுப்பு. நாடாவை இழுத்து ஒட்டினால் நரம்பு போலத் தெறித்து நிற்கும். தளர்த்தி ஒட்டினால் வயதான தோல். எவ்வளவு இழுப்பது என்பதுதான் முழு வேலையும். பதினான்கு ஜோடிக் கால்கள் செய்தேன், பிள்ளைக் கால்கள் உட்பட. என் கணவரின் கால்களுக்கு மட்டும் ஒட்டுப்பால் இல்லை. கட்டுப் போடும் துணியைக் கஞ்சியில் நனைத்து இஸ்திரி மடிப்போடு ஒட்டி, ஓரத்தில் புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தைச் சொட்டினேன். பதினான்கு ஜோடிகள் அந்த வெள்ளைக் கால்களை நெருக்கிக்கொண்டு நின்றன, ஓர் அங்குலம் இடம் விடாமல். நான்கு மாதம் ஆயிற்று. வலது கை நடுங்குவதால் காலையில் ஒரு மணி நேரம்தான் ஒட்ட முடியும். இன்னொன்று செய்ய இந்தக் கையால் ஆகாது; அது தெரிந்துதான் செய்தேன்.

படத்தின் பெயர் ‘தட்டிக்குக் கீழே’. பெயர் அட்டையில் பொருள்களையும் எழுதிக் கொடுத்தேன்: பலகை, செம்மண், கட்டுத்துணி, ஊதா மருந்து, ஒட்டுப்பால்.

அலோர் காஜா எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை படத்தை மண்டபத்தில் ஒப்படைத்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. காதர் ஒன்பதரைக்கு இறக்கிவிட்டார். போய்வர அறுபது வெள்ளி. கண்காட்சிச் செயலாளர் தினேஷ், முப்பது வயது இருக்கும், வாசலுக்கே ஓடி வந்தார்.

“ஆண்ட்டி! கங்கிராட்ஸ் லா! ஜட்ஜுங்க எல்லாம் உங்க படத்துகிட்டயே நின்னுட்டாங்க. ஸ்பெஷல் பிரைஸ்.”

உள்ளே போனேன். தட்டி இருந்தது. அதற்குக் கீழே செம்மண் நிறத்தில் வெறும் பலகை, துடைத்த கறையோடு. ஓரத்தில் என் கணவரின் வெள்ளைக் கால்கள் மட்டும் தனியாக நின்றன.

“தம்பி, மற்ற கால்கள் எங்கே?”

“மத்த காலா?”

“இங்கே ஒட்டியிருந்தது. பழுப்பாக.”

“ஓ, அதுவா! கிளீன் பண்ணிட்டோம் ஆண்ட்டி. கம் ஒழுகி, காஞ்சி, நாடா நாடாவா தொங்கிச்சு. வாடை வேற. நல்ல வேளை ஈசியா உரிஞ்சி வந்திருச்சு. மிச்சத்த கெரசின் தொட்டு தொடச்சோம்.”

“கம் என்று யார் சொன்னது?”

“நீங்கதான் எழுதியிருக்கீங்க.” அட்டையைத் தொட்டுக் காட்டினார். “ஒட்டுப்பால். ஒட்டுற பால். ஸ்கூல்ல யூஸ் பண்ற வைட் கிளூ தானே?”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படித்தான் படித்திருக்கிறார். அருகில் நின்ற ஒரு பெண்ணும் தலையாட்டினார். இருவரும் நல்ல தமிழ் படிப்பவர்கள். நாங்கள் நின்ற மண்டபத்திலிருந்து அரை மணி நேரத்தில் ரப்பர் மரத்தைத் தொட்டுவிடலாம்.

“அது ரப்பர். அதுதான் படம்,” என்றேன்.

தினேஷ் அட்டையிலிருந்து விரலை எடுத்தார். ஆனாலும் சொன்னார்: “ஆனா ஆண்ட்டி, இப்பவும் நல்லாதான் இருக்கு. தனியா ஒரு ஆளு, வெள்ளக் காலு. அங்கிள நெனச்சு செஞ்சதுன்னு ஜட்ஜு ஒருத்தங்க அழுதே போயிட்டாங்க.”

அந்த மனிதர் தனியாக நின்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பதினோரு வருடமும் வரிசை அவரை விடவில்லை. சாப்பாடு ஆறிப் போகும், மாலை போகும், ஞாயிற்றுக்கிழமைப் பூசையும் போகும். அந்த வரிசையைத்தான் நான் நான்கு மாதம் ஒட்டினேன். அதை உரித்தெடுத்துவிட்டு, மிச்சம் நின்றதைப் பார்த்து விதவையின் சோகம் என்று அழுகிறார்கள். அந்த அழுகைக்குப் பரிசு வாங்க எனக்கு மனம் இல்லை.

“உரித்ததை எங்கே போட்டீர்கள்?”

“ஒரு பிளாஸ்டிக் பையில... வாடைன்னு யாரோ அவங்க காடியில போட்டுக்கிட்டு போனாங்க. யாருன்னு தெரியல. டத்தோ வந்துக்கிட்டு இருக்காரு ஆண்ட்டி, பொறவு தேடலாம்.”

விழாவைத் திறந்துவைக்கும் பிரமுகர், டத்தோ, வந்தார். பேச்சு முடிந்து கைதட்டல் நடக்கும்போது நான் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே இருந்தவர்கள் கண்டது, வெறும் பலகையோடு போகும் ஒரு கிழவியை. கதை அங்கே பிறந்தது.

காரில் காதர் பலகையைப் பார்த்தார். ஆயர் கெரோ போகும் சாலைப் பிரிவு தாண்டிய பிறகு, “கால காணோமே ஆண்ட்டி” என்றார். இந்தப் படத்தைப் பற்றி இதுவரை யாரும் சொன்னவற்றில் சரியான வாக்கியம் அது ஒன்றுதான்.

இதைப் போலப் பயணம் போகிறவர்களுக்கு: தோட்ட அலுவலகத்தில் முன்னதாகவே அனுமதி கேளுங்கள். முழங்கால் வரை காலணி போடுங்கள். சாக்குக்குக் கீழே பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள், ஓட்டுநரின் நட்பு மிஞ்சும். மழைக்காலத்தில் போகாதீர்கள். படத்தை ஒப்படைக்கும்போது பெயர் அட்டையை நம்பாதீர்கள். பக்கத்தில் நின்று ஒவ்வொரு பொருளையும் விரல் வைத்துக் காட்டுங்கள். அகராதி இணைக்காதது என் தவறு என்று ஒருவர் எழுதியிருந்தார். தெரியாத சொல்லை நாங்கள் கான்வென்ட்டில் கையை உயர்த்திக் கேட்டோம்.

வேறு தோட்டத்தில் ஒட்டுப்பால் வாங்கித் தருகிறோம் என்றும் இருவர் சொன்னார்கள். அந்த நான்கு வரிசை மரங்களை ஜூன் மாதமே சாய்த்துவிட்டார்கள். வேறு மரத்துப் பால் எனக்கு வேண்டாம். உரித்தெடுத்த அந்த நாடாக்கள் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. ரப்பர் அலசினால் மீளும், ஒட்டிய இடமும் பலகையில் தெரிகிறது. கை நடுங்கினாலும், இருப்பதைத் திரும்ப ஒட்ட முடியும்.

கண்காட்சிக் குழுவினருக்கு: தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, குழுவில் நான் கிழித்ததாகவே கதையை ஓடவிட்டிருக்கிறீர்கள். ஆகவே தொலைபேசி வேண்டாம். அந்தப் பையைக் காரில் எடுத்துப் போனவர் யார், எங்கே போட்டார், இன்னும் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். கீழே கையெழுத்தும் இருக்கட்டும்.