சிட்டம்மாளின் வலது கால்

மிதிப்பதற்கு முன் சிட்டம்மாள் வலது உள்ளங்காலை இடது கெண்டைக்காலில் இரண்டு முறை துடைத்துக்கொள்வாள். பிறகு குனிந்து, பெருவிரல் இடுக்கில் ஒட்டியிருக்கும் சேற்றை நகத்தால் எடுப்பாள். கீழே குப்புறப் படுத்திருப்பவரிடம், "மூச்சை இஸ்து நிறுத்து" என்பாள். தானும் இழுத்து நிறுத்திக்கொள்வாள். இரண்டு பேருடைய மூச்சும் நின்றிருக்கும் அந்தக் கணத்தில்தான் கால் இறங்கும். கொக்கு சேற்றில் கால் வைப்பதுபோல், பாரமே இருக்காது. மூன்று முறை. அவ்வளவுதான்.

கால் முதலில் வந்து பிறந்தவள் அவள். அப்படிப் பிறந்தவர் மிதித்தால் மூச்சுப்பிடிப்பு விட்டுப்போகும் என்று உத்திரமேரூர்ப் பக்கத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை. மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவர்களும், ஏற்றம் இறைத்து விலா இழுத்துக்கொண்டவர்களும் அவளைத் தேடி சேரி முனையில் வந்து நிற்பார்கள். மற்ற நாளில் அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப்போகிற ஊர்த்தெருக்காரர்களும் வலி வந்தால் களத்துமேட்டில் துண்டை விரித்து அவள் காலுக்குக் கீழே படுப்பார்கள். எழுந்ததும் நேரே ஏரிக்குப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

"ஊர்ல பாதிப் பேரோட முதுகு உனுக்குத் தெரியும். மூஞ்சிதான் ஒண்ணும் தெரியாது" என்று அவள் புருஷன் முனிரத்தினம் சிரிப்பான்.

அறுபத்தொன்றாம் வருஷம் தை மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம், அவள் அறுவடைக்குப் போகிற நிலத்துக்காரர் முத்துகிருஷ்ணன் ஆள் அனுப்பினார். களத்தில் அவருடைய மகன் வரதன் வைக்கோல் போரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபது வயது. மூங்கில்போல உயரம், பொத்தான் போடாத சட்டைக்குள் மார்பெலும்பை எண்ணிவிடலாம்.

"சிட்டம்மா, புள்ளைக்கு மூச்சுப்பிடிப்பு. ஒரு மிதி மிதிச்சுடு."

"எப்பலேர்ந்து ஆண்டே?"

"காத்தாலேர்ந்துதான். எடது பக்கம் குத்துதாம்."

வரதன் குப்புறப் படுத்தான். "மூச்சை இஸ்து நிறுத்து, சின்னாண்டே" என்றாள். அவனால் இழுக்க முடியவில்லை. குட்டை வற்றும்போது மீன் வாய் திறப்பதுபோல மேலே மேலே இழுத்தான். அவள் தன் மூச்சை மட்டும் நிறுத்திக்கொண்டு காலை இறக்கினாள். மூன்றாவது மிதியில் "அம்மா" என்றான். எழுந்தபோது உதடு நாவற்பழத்தின் நிறத்தில் இருந்தது.

விடிந்ததும் அவனை வண்டியில் ஏற்றி, உத்திரமேரூர் போய், அங்கிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்துத் திரும்பிய முத்துகிருஷ்ணன் ஏரிக்கரையில் நாலு பேர் காதுபடச் சொன்னார்: "அவ மிதிச்சதுல புள்ளைக்கு நொரையீரல் ஒடஞ்சிப்போச்சு."

மறுநாள் அறுவடைக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை.

"உன் காலு இன்னா நெல்லுக் குத்துற ஒலக்கையா? வுடு. நாலு நாள் பேசிட்டு மறந்துடுவானுங்க" என்றான் முனிரத்தினம். அவள் சிரிக்கவில்லை. தன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ தன் வீட்டில் விட்டுப்போன பொருளைப்போல அது கிடந்தது. ஒரு பிள்ளையின் மூச்சை இந்தக் கால்தான் உடைத்ததா? அதைத் தெரிந்துகொள்ளாமல் இனிமேல் அந்தக் காலால் எப்படி நடப்பது?

யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரி வார்டு வெள்ளையாக, சத்தமில்லாமல், ஏரியின் அடியில் இருப்பதுபோல் இருந்தது. ஜன்னல் வெயில் நீரில் கரைந்தது மாதிரி தரையில் அசைந்தது. கடைசிக் கட்டிலில் வரதன் கண் மூடிக் கிடந்தான். இடது விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் இறங்கி, கட்டிலடியில் இருந்த கண்ணாடி பாட்டிலின் தண்ணீருக்குள் போயிற்று. அவன் மூச்சு விடும்போதெல்லாம் தண்ணீரில் ஒரு குமிழி எழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. ஒரு குமிழிக்கும் அடுத்ததற்கும் நடுவில் தன் மூச்சும் நின்றிருப்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"யாரும்மா, அந்தத் தம்பி ஊரா?" என்று கேட்டாள் நர்ஸ் பாக்கியமேரி. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் பெருநகர்தான் அவள் ஊர்.

"அவுங்க நெலத்துல வேல செய்றேன் நர்ஸம்மா. இன்னா இது, தண்ணியில மூச்சு வருது?"

"நொரையீரலு மேல சின்னக் கொப்புளம் மாதிரி இருந்து ஒடஞ்சிருக்குது. ஒடஞ்ச எடத்துல காத்து வெளிய வந்து, ஈரலுக்கும் எலும்புக்கும் நடுவுல நின்னுக்கினு அமுக்குச்சு. ஈரலு சுருங்கிடுச்சு. அந்தக் காத்துதான் இப்ப வெளிய வருது. தண்ணிக்குள்ள கொழா முனை கீதில்ல, அதனால திரும்பி உள்ள போவாது."

"காத்துதானே நம்மள வாழ வெக்குது?"

"உள்ள இருந்தா வாழ வெக்கும். ஈரலை வுட்டு வெளிய வந்தா, அதே காத்து ஆளை நெரிக்கும்." அவன் மார்பை எடுத்த எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். வலது பக்கம் முழுக்க மெல்லிய வேர்கள் படர்ந்திருந்தன. இடது பக்கம் வெறும் கறுப்பு. நடுவெலும்பின் ஓரமாக மூடிய கை அளவுக்கு என்னவோ ஒண்டியிருந்தது. அதுதான் அவனுடைய ஈரல்.

"யாராவது மிதிச்சா ஒடையுமா நர்ஸம்மா?"

"இப்படி ஒசரமா ஒல்லியா இருக்கற புள்ளைங்களுக்குத் தானாவே ஒடையும். மிதிச்சதாலதான் ஒடஞ்சுதான்னு யாரு கண்டா?"

அந்தப் பதில் போதவில்லை. மிதித்தது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பிவிட்டாள்.

வரதன் பிழைத்து வந்தான். சிட்டம்மாள்தான் பழையபடி ஆகவில்லை. யார் வந்து கூப்பிட்டாலும், "என் காலு செத்துப்போச்சு, போ" என்று அனுப்பினாள். கனவில் ஒரு முதுகின்மேல் கால் வைப்பாள். கால் நிற்காமல் உள்ளே போகும், தண்ணீருக்குள் போவதுபோல. சுற்றிலும் குமிழிகள் எழும். விழித்துக்கொண்டு முனிரத்தினத்தின் மூக்கருகே கை வைத்துப் பார்ப்பாள்.

இரண்டு வருஷம் போயிற்று. மார்கழியில் ஒரு நாள் உத்திரமேரூரில் பெருநகர் பஸ்ஸுக்குள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளைச் சிட்டம்மாளுக்கு உடனே தெரிந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தாள் பாக்கியமேரி.

"பாட்டிலையே பாத்துக்கினு நின்ன அக்காதானே நீ? அந்தத் தம்பி எப்படி கீது?"

"கண்ணாலம் ஆயிடுச்சு நர்ஸம்மா. சொகமா கீறாரு."

"கர்த்தர் காப்பாத்தினாரு. அவுங்க நைனா மாதிரி பிடிவாதக்கார மனுஷனை நான் பாத்ததில்ல. வூட்டுக்கு அனுப்புற அன்னிக்கு, வந்தப்போ போட்டிருந்த சட்டையை மடிச்சுக் குடுக்கறேன், பையில ஒரு சீட்டு. உத்திரமேரூர் டாக்டர் எழுதினது. 'இடப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை, உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டு போகவும்'னு. இன்னா இதுன்னு அந்தத் தம்பியைக் கேட்டேன். தலையைக் குனிஞ்சிக்கினு, 'எங்க நைனாதான் மொதல்ல மிதிச்சுப் பாக்கலாம்னாரு'ன்னுச்சு."

"சீட்டுல தேதி போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சே. நாங்க சேத்துக்கினது வியாழக்கெழம, சீட்டு அதுக்கு முந்தின திங்கக்கெழம."

புதன்கிழமை சாயங்காலம் களத்தில் அவள் காலுக்குக் கீழே வரதன் குப்புறக் கிடந்தபோது, அந்தச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.