ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் கிடைத்த பாட்டில்

கரீம் இறந்துவிட்டான்.

காலையில் மெசஞ்சரில் அவன் பேத்தி பாத்திமா எழுதியிருந்தாள். "நன்னா மவுத்தாயிட்டாங்க தாத்தா. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

கீழே இன்னொரு வரி. "நன்னா பஸ்ல கண்டக்டரா இருந்தப்ப குடிச்சு மாட்டிக்கிட்டாங்கன்னு சொந்தத்துல சொல்றாங்களே... நெஜமா? உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறோ, ஐம்பத்தேழோ. நான் பி.ஏ. முடித்து ஓசூரில் ஒரு ஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். எனக்கும் கரீமுக்கும் ஒரே வயது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாக அத்திப்பள்ளி போகும் பஸ்ஸில் அவன் கண்டக்டர்.

அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. ஜூஜுவாடி தாண்டினால் மைசூர் ராஜ்யம்... அங்கே கடை திறந்திருக்கும்.

சனிக்கிழமை அரை நாள் ஸ்கூல். மத்தியானம் பஸ் ஏறுவேன், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவேன். முதலில் மாதம் ஒருமுறை. அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும். அப்புறம், நடு வாரத்துக்கு என்று ஒரு பாட்டில். பரீட்சைப் பேப்பர் கட்டுக்குள்.

"வாத்தியாரே, இந்த ஸ்கூல்ல வருஷம் பூரா பரீட்சைதானா?" என்பான் கரீம். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

திரும்பும்போது ஜூஜுவாடியில் எல்லோரும் இறங்க வேண்டும். ஏட்டின் முகத்துக்கு நேராக நின்று, தன் பேரும் அப்பா பேரும் ஊரும் உரக்கச் சொல்ல வேண்டும். அதற்குள் வாயின் வாசனை அவருக்குத் தெரிந்துவிடும்.

என்னை மட்டும் இறக்க மாட்டார்கள். ஏட்டின் பையன் என் கிளாஸ். "சார் நீங்க உக்காருங்க."

அந்தச் சனிக்கிழமை கரீம் என் பக்கம் குனிந்தான். "புது இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு. பையெல்லாம் பாக்கறாராம்."

எச்சரித்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

அவன் முன்னால் டிக்கெட் பார்க்கப் போனதும், பாட்டிலை எடுத்துப் பின்னால் அவன் சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.

இன்ஸ்பெக்டர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "யார்து இது? ஏய், உன் சீட்டுதானே?"

கரீம் என்னை ஒருமுறை பார்த்தான்.

நான் பேப்பர் கட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்றான். அவனை இறக்கிக்கொண்டார்கள். பஸ்ஸை டிரைவரே ஓசூர் கொண்டுவந்து சேர்த்தார். நான் ஜன்னலோரம்.

மூன்று நாள் லாக்கப். வேலை போயிற்று. நிச்சயம் ஆகவிருந்த பெண் வீட்டில் ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பீடி கூடப் பிடிக்காதவன்.

இது தெரிந்த பிறகும்... அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அதே பஸ்ஸுக்கு.

போக வேண்டாம் என்றுதான் ரூமை விட்டுக் கிளம்பினேன். கால்கள் அங்கே வந்து நின்றிருந்தன. அப்போதுதான் புரிந்தது, இது என் விருப்பத்தில் நடப்பது இல்லை என்று. இருபத்திரண்டு வயது.

கரீம் அங்கே லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். துண்டால் முகம் துடைத்தபடி வந்தான்.

"இன்னிக்குமா வாத்தியாரே?"

"என்னால நிறுத்த முடியல கரீம்." முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

பஸ் வந்து நின்று போகும்வரை என்கூடவே நின்றான். பிறகு, "கிருஷ்ணகிரில ஒரு டாக்டர் இருக்காரு. வாங்க," என்றான்.

குடிப்பதே குற்றமாக இருந்த காலம். டாக்டரிடம் சொல்வதும் போலீஸில் சொல்வதும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். வழியெல்லாம் பயம்.

அந்த ரூட்டில் கரீமைத் தெரியாதவர்கள் இல்லை. டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "கேள்விப்பட்டேன்டா கரீம். உங்க ஆளுங்கள்ல நீயாடா இப்படி? படு, வயித்தப் பாக்கறேன்."

கரீம் மறுபடியும் என்னைப் பார்த்தான். அதே பார்வை.

"அவன் இல்லைங்க டாக்டர். நான்தான்."

குடிப்பவன் நான் என்று சொன்னேன். பாட்டிலைப் பற்றிச் சொல்லவில்லை.

டாக்டர் மருந்து எழுதினார். "சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் இங்க வா. உன் பேரும் உங்கப்பா பேரும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ. செக்போஸ்ட்ல சொல்றாங்கல்ல, அதே மாதிரி."

போனேன். நடுவில் இரண்டு வாரம் போகவில்லை. எங்கே போனேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கரீம் ரூமுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனான். "பேரு மறந்துபோச்சா வாத்தியாரே, இல்ல அப்பா பேரா?"

ஒரு வருஷம் ஆயிற்று, விட.

திரும்பி வரும்போது ஒருநாள் கேட்டேன். "ஏன்டா அன்னிக்கு என்னைக் காட்டிக் குடுக்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

பிற்பாடு ஓசூரில் கம்பெனிகள் வந்தபோது ஒன்றில் வாட்ச்மேன் ஆனான். கேட்டில் நின்று ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்கிற வேலை. நான் ஹெட்மாஸ்டராக ரிட்டயர் ஆனேன். மாலை, பொன்னாடை, ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பேச்சு... கரீம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினான்.

அன்றாவது சொல்லியிருக்கலாம். மைக் கையில் இருந்தது.

பாத்திமா, இதை உன் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பு. உன் நன்னா வாழ்நாளில் ஒரு சொட்டும் குடித்தது இல்லை.

நான் அடக்கத்துக்கு வருகிறேன். பின்னால் நின்றுகொள்கிறேன்.

போய் வா, கரீம்.

என் பேர் முனிரத்தினம். அப்பா பேர் சின்னசாமி. ஊர் மத்தூர். அந்தப் பாட்டில் என்னுடையது.