ஜமக்காளத்தில் வந்த வாழைக்கன்று

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தமானில் பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: வாழைப்பழம். மழை பிடிக்கும், கடல் பிடிக்கும், டெலானிபூர் மேட்டில் ஒழுகுகிற அரசாங்கக் குவார்ட்டர்ஸ்கூடப் பிடிக்கும். பழத்தை வாயில் வைத்தால் மட்டும், நான் ஏதோ மருந்தை அரைத்து ஊட்டியதுபோல் முகத்தைச் சுளிப்பார். "ஏட்டி, இதெல்லாம் ஒரு பழமா? நம்மூர்க் கோழிக்கூட்டுப் பழம் திங்கணும்லா. ஒண்ணு உரிச்சா தெருவே மணக்கும்" என்பார். நானும் அதே ஊரில் பிறந்தவள்தான். அங்கே இருந்தவரை அப்படியொரு மணம் என் மூக்குக்கு எட்டவில்லை. கப்பல் ஏறியவர்களுக்கு மட்டும் மணக்கும் போலிருக்கிறது.

அவர் முகம் சுளித்த பழமெல்லாம் குவார்ட்டர்ஸுக்குக் கீழே சரிவில் வாழை போட்டிருந்த வங்காளி தீதியுடையது. புருஷனை இழந்தவள். அந்த வாழைதான் அவளுக்குச் சோறு, மகளின் நர்சிங் படிப்பு, எல்லாமே. ஜங்லிகாட் மார்க்கெட்டில் விற்றுவிட்டு ஏறி வரும்போது எங்கள் வாசலில் ஒரு சீப்பை வைத்துவிட்டுப் போவாள். இவர் அவளிடமே ஊர்ப்பழத்தின் பெருமையை இந்தியில் விளக்குவார். அவளும் பாவம், தலையாட்டிக் கேட்பாள்.

ஒருமுறை இவர் தனியாக ஊருக்குப் போய்விட்டுக் கப்பலில் திரும்பினார். மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும் முருங்கைக் குச்சியோ மல்லிகைப் பதியனோ பெட்டிக்குள் பதுங்கி வரும். செடி கொண்டுவர அனுமதி வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அது மற்றவர்களுக்குப் போட்ட சட்டம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இவர் கையில் இருந்த ஜமக்காளச் சுருட்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. பிரித்தால் உள்ளே வாழைக்கன்றுகள், கிழங்கில் ஊர்மண்ணோடு. துறைமுகத்தில் அந்தச் சுருட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குவதுபோல் நடித்த வீரக்கதையைத் தீதி உட்பட ஒருவர் விடாமல் சொன்னார்.

கன்றுகளை அவர் ஒருவரே வைத்துக்கொள்ளவில்லை. கோயில் பிரசாதம் மாதிரி தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் ஒன்றொன்று கொடுத்தார். எல்லோரும் நெஞ்சுருகி வாங்கிக்கொண்டார்கள்.

கன்றுகள் வளர்ந்தன என்று சொல்ல முடியாது. குருத்தெல்லாம் குட்டையாக, விறைப்பாக, ஓரம் வெளுத்து, கீரைக்கட்டு மாதிரி உச்சியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "என்னங்க, இது சரியில்லையே" என்றேன். "ஒனக்கு என்ன தெரியும்? இது குட்டை ரகம். எந்தக் காத்துக்கும் சாயாது, கேட்டியா" என்றார். கன்று வாங்கிப்போனவர்களும் அதையே சொல்லி மகிழ்ந்தார்கள்.

அதற்குள் ஆயுதபூஜை வந்தது. வண்டிகளில் கட்ட வாழைக்கன்று தேடி எல்லோரும் அலைகிற நேரம். எங்கள் குட்டை ரகமோ ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் தைத்து வைத்த சட்டைபோல் அளவாக இருந்தது. வெட்டி வெட்டிக் கொடுத்தார் மகராசன். இரண்டு இரண்டாகக் கட்டிக்கொண்டு, சந்தனம் குங்குமத்தோடு, ஹாரன் அடித்துக்கொண்டு நோய் ஊர்வலம் போனது. ஓர் ஆபீஸ் ஜீப்பும் கட்டிக்கொண்டு போனது. எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன், நாங்கள் இன்னும் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறோம்.

சில மாதங்களில் தீதியின் தோட்டத்திலும் குருத்துகள் கட்டுக்கட்டாக நிற்க ஆரம்பித்தன. பார்க்க வந்த அதிகாரி ஓர் இலையைப் பிரித்து, மடிப்பில் இருந்த கறுத்த அசுவினிப் பூச்சிகளைக் காட்டினார். முடிக்கொத்து நோய் என்றார். வைரஸாம். கன்றோடு வருமாம், அதன்பிறகு மரத்துக்கு மரம் இந்தப் பூச்சி கொண்டுபோய்ச் சேர்க்குமாம். மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும், பக்கத்தில் நன்றாக இருப்பதுபோல் தெரிவதையும் நம்ப முடியாது.

எங்கள் வீட்டுக்காரர் அன்று மாலையே எங்கள் வாழைகளைத் தோண்டி எரித்தார். கேட்டவர்களிடம் கரையான் அரித்துவிட்டதாகச் சொன்னார். ஊர்ப்பழம் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜமக்காளத்தையும் தீயில் போட்டிருப்பேன்.

தீதி தன் தோட்டம் முழுவதையும் தோண்டி முடித்த அன்று, கை கால் எல்லாம் மண்ணாக எங்கள் வாசலுக்கு ஏறி வந்தாள். இவர் முந்திக்கொண்டார். "ஹவா மே ஆயா ஹோகா, தீதி" என்றார். காற்றில் வந்திருக்குமாம்!

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஹவா நஹி, தீதி. ஹமாரே கர் ஸே ஆயா" என்றேன். காற்றில் இல்லை, எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது என்று.

"மாலூம் ஹை" என்றாள் அவள். தெரியுமாம். பூஜை நாளில் ஆட்டோக்களில் அந்தக் குருத்துகளைப் பார்த்தவள், தன் தோட்டத்தில் அதே குருத்து வந்தபோதே புரிந்துகொண்டாளாம். அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். இவரைப் பார்த்து நிதானமாக இந்தியில் சொன்னாள். கொண்டுவந்தவர் நீங்கள், இனி நல்ல கன்றையும் நீங்கள்தான் கொண்டுவந்து தரவேண்டும். லேபில் வளர்த்ததாக, அனுமதிச் சீட்டோடு. ஜமக்காளத்தில் வேண்டாம்.

இவர் தலையைக் குனிந்தபடி "டீக் ஹை" என்று ஒப்புக்கொண்டார்.

அவள் வழக்கம்போல் வாசலில் ஒரு சீப்பை வைத்தாள். தோட்டத்தில் கடைசியாக வெட்டிய தாரின் சீப்பு அது. வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

இவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றை உரித்துத் தின்றார். முகம் சுளிக்கவில்லை.

"நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.