டோக்கியோ டியூபும் தேங்காய் எண்ணெயும்

ஓசூர்க் குளிரை ஊட்டிக் குளிரோடு சேர்த்து வைத்துப் பெருமை பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். அவர்கள் யாரும் அங்கே மார்கழி மாதத்தில் விரல் நுனியை வைத்துப் பிழைத்தவர்கள் இல்லை. கார்த்திகை முடிந்ததும் ஒரு வறட்டுக் காற்று கிளம்பும். முதலில் உதடு வெடிக்கும், அடுத்து குதிகால், கடைசியில் விரல். குதிகால் வெடித்தால் செருப்புக்குள் மறைத்துக்கொள்ளலாம். விரல் வெடித்தால் எங்களுக்கு வேலை ஓடாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தொழிற்பேட்டையில், ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து நடத்திய ஒரு கம்பெனியில் நான் டிரெய்னி. மோட்டார் பைக்குக்கு வேகம் காட்டும் மீட்டர் செய்தோம். ஒரு லைனுக்குப் பத்துப் பெண்கள். கறுப்பு டயலின் மேல் சிவப்பு முள்ளைப் பொருத்தி, கண்ணாடியை மூடி அனுப்ப வேண்டும். கையுறை போட்டால் முள் பிடிபடாது என்பதால் வெறும் விரல்தான். வெடித்த விரலின் தோல் உப்புத்தாள் மாதிரி, டயலில் பட்ட இடமெல்லாம் கீறிவிடும். சரி, எதையாவது பூசிக்கொள்ளலாம் என்றால் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் பலகை மாட்டியிருந்தது: ‘கிரீம், பவுடர், ஸ்னோ பூசிக்கொண்டு லைனுக்கு வரக் கூடாது.’ பிசுக்கு பட்டால் மீட்டருக்குள் விளக்குச் சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் மூட்டம் கட்டுமாம். ஆக, காய்ந்த கையோடு போனாலும் திட்டு, வழவழத்த கையோடு போனாலும் திட்டு.

திட்டுவதற்கென்றே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். மரியாதை குறையாமல் திட்டுவார். “ஏனுங்கம்மா, மீட்டர் செய்யறீங்களா, கோலம் போடறீங்களா?” என்று கேட்டுவிட்டு, கீறல் விழுந்த டயலைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிக் காட்டுவார். எங்களில் யாரை நிரந்தரமாக்குவது என்பது மார்ச் மாதம் அவர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது.

எனக்கு அந்த மார்ச் உயிர்நாடி. பேரிகையில் எங்கள் வீட்டில் என்னை வேலைக்கு அனுப்பியதே அரை மனதோடுதான். “பர்மனென்ட் ஆனா இரு. இல்லாட்டி மரியாதையா வந்து சேரு” என்று அப்பா சொல்லியிருந்தார். வந்து சேர்ந்தால் அத்தை மகனோடு கல்யாணம். அவர் நல்லவர்தான், தக்காளித் தோட்டம் வைத்திருந்தார். எனக்குத்தான் அவரோடு பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் கொட்டாவி வரும். வாழ்நாள் முழுக்கக் கொட்டாவி விட எனக்கு விருப்பமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தரம் பார்ப்பதற்காக ஜப்பானிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கலாம். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் எங்களுக்கு அவர் ‘ஜப்பான் மேடம்’. காலையில் அவர் கழிவறைக் கண்ணாடி முன் நிற்கும்போது நாங்கள் வேலை இருப்பதுபோல அங்கேயே சுற்றிக்கொண்டிருப்போம். ஒரு சின்னத் துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். முதலில் தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்றை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் தட்டுவார். தேய்க்கவே மாட்டார், தட்டல்தான். பிறகு பால் நிறத்தில் ஒன்று. கடைசியில் வட்டமான பவுடர் டப்பா, மூடிக்குள் கண்ணாடி. அத்தனையும் முடிந்த பிறகும் முகத்தில் ஒன்றும் பூசினாற்போலத் தெரியாது. “இம்புட்டும் போட்டு ஒண்ணுமே தெரியலைன்னா எதுக்குப் போடணும்?” என்றாள் என் அறைத்தோழி. நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது. நாங்கள் ஸ்னோ பூசினால் தெருமுனை வரைக்கும் தெரியும்.

ஒரு நாள் என் விரலிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் டயலில் விழுந்தது. ஜப்பான் மேடம் அதைப் பார்த்தார். சூப்பர்வைசரைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் கூப்பிடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வெள்ளை டியூபைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். “நைட், ஒன்லி நைட்” என்று இரண்டு முறை சொல்லி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல் காட்டினார். டியூப் முழுக்கக் கோழி கிளறிய மாதிரி எழுத்து. அடியில் மட்டும் ஆங்கிலத்தில் டோக்கியோ என்று இருந்தது. அன்றிலிருந்து லைனில் அதற்கு ‘டோக்கியோ’ என்றே பெயராகிவிட்டது. ஒன்பது பேரும் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். வாசனையே இல்லை என்று எல்லோருக்கும் ஏமாற்றம்.

சொன்னபடி இரவில் மட்டுமே பூசினேன். ஒரு வாரத்தில் விரல் மூடிக்கொண்டது. எனக்கு அதில் கர்வம் வந்தது உண்மைதான். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதுகூட என் விரலை நானே பார்த்துக்கொள்வேன்.

மத்திகிரியில் மாட்டுப்பண்ணைப் பக்கம் ஒற்றை அறையில் நானும் அறைத்தோழியும் குடியிருந்தோம். அவள் கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். லைனில் என் பக்கத்து இருக்கை. குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டில் மெழுகாக உறைந்துகிடக்கும். காலையில் அவள் அதை ஸ்டவ் ஓரம் வைத்து உருக்குவாள். தலைக்கு வைத்து, நீளமாகச் சடை பின்னி, உள்ளங்கையில் மிஞ்சியதை முன்கையிலும் காலிலும் இழுத்துவிடுவாள். பிறகு பாட்டில் என்னிடம் வரும். நானும் அப்படியே செய்வேன். சாப்பிட்டுக் கை கழுவுவதுபோல அது. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

தை பிறந்ததும் இடி இறங்கியது. நாங்கள் அனுப்பிய மீட்டர்களில் ஒரு பெட்டி திரும்பி வந்தது. கண்ணாடிக்குள் மூட்டம். அடுத்த வாரம் இன்னொரு பெட்டி. சூப்பர்வைசர் எங்களை ஒவ்வொருவராகத் தனியறைக்குக் கூப்பிட்டு விசாரித்தார். என் முறை வந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

“டோக்கியோன்னு ஏதோ வெச்சிருக்கீங்களாமே?”

அறைத்தோழி எனக்கு முன்னால்தான் அந்த அறைக்குள் போய்விட்டு வந்திருந்தாள். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

“ராத்திரி மட்டும்தானுங்க சார் போடறேன். காலையில சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வரேன்.”

“பத்துப் பேருல கிரீம் வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தானுங்களே.”

அன்று மாலை அறையில் அவளிடம் நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கோபம் தலைக்கேறினால் தெலுங்கு வந்துவிடும், எங்கள் வீட்டு வழக்கம் அது. அவளுக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். “அவரு கேட்டாரு, சொன்னேன். நான் சொல்லலைன்னா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்கடி” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரே அறையில் இருந்துகொண்டு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவள் எண்ணெய் பாட்டிலை என் பக்கம் நகர்த்துவாள். நான் தொட மாட்டேன். டியூபைப் பெட்டிக்கு அடியில் போட்டேன். கையில் ஒன்றும் கிடையாது, தலைக்கும் எண்ணெய் கிடையாது. அது வெறும் வீம்பு. ‘உன் பாட்டிலும் வேண்டாம் நீயும் வேண்டாம்’ என்று காட்டுவதற்காக. தலை துடைப்பக்கட்டை ஆனது. விரல்கள் பழையபடி வெடித்தன, முன்னைவிட மோசமாக. டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரும்.

மூட்டம் மட்டும் நிற்கவில்லை. மறுபடியும் பெட்டி திரும்பி வந்தது. லைனில் என் பக்கம் யாரும் தலையைத் திருப்பவில்லை. எல்லோர் மனதிலும் நான்தான் குற்றவாளி.

ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்கும் முன்பே சூப்பர்வைசர் எங்களை வரிசையில் நிற்க வைத்தார். பக்கத்தில் ஜப்பான் மேடம்.

“இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகோணும். யாரு விரல்ல பிசுக்குத் தெரியுதோ, அவிய அந்தச் சைடு நில்லுங்க. அப்புறம் பையை எடுத்துட்டுக் கிளம்பிக்கலாம். வெளியில அடுத்த பேட்ச் இன்டர்வியூ முடிச்சு ரெடியா இருக்குதுங்க.”

பேசும்போது அவர் என்னையே பார்த்தார். நான் வரிசையின் கடைசியில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அறைத்தோழி.

ஜப்பான் மேடம் தன் பையிலிருந்து அந்தப் பவுடர் டப்பாவை எடுத்தார். அதன் கண்ணாடியை ஸ்பிரிட் துணியால் துடைத்தார். முதல் பெண் மூன்று விரலை அதில் அழுத்தி எடுத்தாள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடம் குனிந்து அதன்மேல் வாயால் ஊதினார். ஹாலில் அப்படி ஒரு குளிர், கண்ணாடி உடனே வெளுத்தது. வெளுத்த இடத்தின் நடுவே மூன்று ரேகையும் பளிச்சென்று தெரிந்தது.

முதல் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். “நான் ஒண்ணுமே போடலையே சார்” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் இடது பக்கம் போய் நின்றாள்.

இரண்டாவது பெண்ணுக்கும் ரேகை. மூன்றாவதற்கும். துடைப்பதும் அழுத்துவதும் ஊதுவதுமாக வரிசை குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருத்தியும் அதையேதான் சொன்னாள், ஒண்ணும் போடலையே என்று. நான் அவர்களைப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே எட்டுச் சடைகள், எட்டும் எண்ணெயில் மின்னிக்கொண்டிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைக்கு வைத்த மிச்சம். குளிருக்காகக் கைநிறைய ஊற்றிக்கொண்ட மிச்சம். கிரீம் என்றால் டப்பாவில் வருவது, பவுடர் என்றால் பூசுவது. தேங்காய் எண்ணெயை யார் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள்? நானே சேர்க்கவில்லை.

சூப்பர்வைசரின் முகம் சிவந்துவிட்டது. எட்டுப் பேர் இடது பக்கம், வலது பக்கம் காலி. அவர் இறங்கி வருகிற ஆளில்லை.

“கடைசி ரெண்டு பேரு பாக்கி இருக்காங்க. ஒருத்தராச்சும் சுத்தமா இருந்தா, மத்தவிய சாக்கு சொல்ல முடியாதுங்க. ஒருத்தரால முடிஞ்சா எல்லாராலயும் முடியோணும்.”

அந்த ஒருத்தி நான்தான் என்று எனக்கு மட்டும் தெரியும். என் விரலில் எண்ணெயும் இல்லை, கிரீமும் இல்லை. நான் அழுத்தினால் கண்ணாடி வெறுமையாக இருக்கும். நான் வலது பக்கம் நிற்பேன். மார்ச்சில் நிரந்தரமாவேன். அந்த ஒன்பது பேரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? இத்தனை நாளும் என்னைத் தொட்டால் தீட்டு என்பதுபோல ஒதுங்கியவர்கள்தானே. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன்.

அறைத்தோழி நடக்கத் தொடங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து ஏதாவது கெஞ்சியிருந்தால் நான் அசைந்திருக்க மாட்டேன். அவள் திரும்பவில்லை. தனக்குள்ளேயே ஏதோ துஆ ஓதிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு மார்ச் இருந்தது, அவளுடைய அப்பாவும் எங்கள் அப்பா மாதிரிதான். அவள் சடை என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் தொங்கியது. உருக்கி ஊற்றிய எண்ணெய் நுனி வரைக்கும் இறங்கியிருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவள் அடி எடுத்து வைத்த நேரத்தில் அந்தச் சடையை முழுக் கையால் பற்றினேன். அவள் நகர்ந்தபோது அது என் விரல்களுக்குள் இழுபட்டு நழுவிப் போனது. வெடிப்புக்குள் எண்ணெய் இறங்கி எரிந்தது.

அவளுக்கும் ரேகை விழுந்தது. இடது பக்கம் போனாள்.

என் முறை. ஜப்பான் மேடம் கண்ணாடியை நீட்டும் முன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பாளம் பாளமாக வெடித்த விரல்கள். அதன்மேல் புதுசாகப் பளபளக்கும் எண்ணெய். அவர் பார்வை இடது பக்கம் கடைசியில் நின்ற சடைக்குப் போனது, என் வறண்ட தலைக்கு வந்தது, மறுபடியும் என் கைக்கு வந்தது. இவருக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். விரலை அழுத்தினேன். அவர் ஊதினார். பத்துப் பேரிலேயே பளிச்சென்று விழுந்தது என் ரேகைதான்.

“ஆல் சேம்” என்றார் அவர், சூப்பர்வைசரிடம். “டென் கேர்ள்ஸ், ஆல் சேம்.” பிறகு தன் தலைமுடியைத் தொட்டு, கையை முன்கையில் தேய்த்துக் காட்டினார். கடைசியாகச் சுவரிலிருந்த பலகையைச் சுட்டிக் காட்டிக் கையை விரித்தார். எழுதி வைக்காத ஒன்றுக்காகப் பத்துப் பேரையும் எப்படி அனுப்புவது என்று கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. சூப்பர்வைசர் பலகையை ஒருமுறை முழுக்கப் படித்தார்.

“போயி சோப்புப் போட்டுக் கழுவிட்டு உக்காருங்க” என்றார் கடைசியில்.

அடுத்த வாரமே பலகையில் எண்ணெயும் சேர்ந்தது. மூட்டம் நின்றது. மார்ச்சில் பத்துப் பேருக்கும் வேலை நிரந்தரமானது. அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, கழுவும் தொட்டியில் என் பக்கத்துக் குழாய்க்கு வந்து நின்றாள் அறைத்தோழி. இரண்டு பேரும் சோப்பைக் குழைத்துக்கொண்டிருந்தோம். என் கை எரிந்ததில் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“சடையப் புடிச்சு இழுத்தது நீதானே?” என்றாள்.

“ஆமா.”

“வலிச்சுது” என்றாள். குழாயை மூடாமலே அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் குழாயை மூடினேன்.